கண்ணாடியில் ஒட்டாத தோல்

திருப்பூரில் என்சைம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாயப்பட்டறைக்குப் போகிற டெம்போக்களில் கேன் கேனாக அதுதான் போகும். பனியன் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறையெல்லாம் அது தின்றுவிடும், துணி வழுவழுவென்று வெளியே வரும். பயோ வாஷ் என்பார்கள். அதனால் நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கோயமுத்தூரில் என்சைம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறேன் என்றபோது எங்கள் ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. குன்னத்தூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, "நல்லதுங்க கண்ணு. படிச்சு முடிச்சு ஒரு வாஷிங் யூனிட் போட்டுட்டீனா, துணிய வெளிய குடுத்துட்டு அவன் பின்னாடியே அலைய வேண்டியதில்ல பாரு" என்றார். இல்லீங்க பெரியப்பா, இது மனுசத் தோலுக்குள்ளே இருக்கிற என்சைம் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு காபியை எடுத்துக் குடித்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் கம்மி. செல் வளர்க்கிற வேலைக்கு இரண்டும் ஆகாது. ஆனாலும் அந்த வேலை எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி பிடித்துப்போனது. காரணம் ஒரே ஒரு கேள்வி.

நம் தோலின் அடி அடுக்கில் இருக்கும் செல்களுக்குக் கால்கள் உண்டு. கால் என்றால் நிஜக் கால் இல்லை. சவ்வைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும் புரதங்கள். வெளியே அந்தக் கால் எதையாவது பற்றிக்கொண்டால், உள்ளே காலடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு என்சைம் விழித்துக்கொள்ளும். கைனேஸ் என்று அதற்குப் பெயர். அது பக்கத்துப் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை வைக்கும், அந்தப் புரதம் அடுத்ததை எழுப்பும், இப்படியே சேதி கைமாறிக் கைமாறி நடுவில் இருக்கும் உட்கரு வரைக்கும் போய்ச்சேரும். நல்ல பிடி கிடைத்துவிட்டது, இனி வளரலாம் என்பதுதான் சேதி. சேதி போகாவிட்டால் செல் வளராது. பல நேரம் செத்தும் போகும். அப்படியானால் ஒரு மருந்தை ஊற்றி அந்த என்சைமை மட்டும் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? முதலில் பிடி விட்டுப்போகுமா, இல்லை பிடி இருக்கும்போதே வளர்ச்சி நின்றுபோகுமா? என் கேள்வி இவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இப்போது அம்மாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலிருந்து குழந்தைகளின் டீ-சர்ட் வரும். அதன் நெஞ்சில் கரடி, பூனை, கார் என்று ஸ்டிக்கரை வைத்துச் சூட்டில் அழுத்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புவோம். அப்பா வெளி வேலையைப் பார்ப்பார். ஷெட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். ஒரு ஷிப்மெண்ட் அவசரத்தில், கோணலாக உட்கார்ந்திருந்த ஒரு கரடியை நேராக்கப் போய், ஃபியூசிங் மெஷினின் சூடான தகடு அவளுடைய வலது புறங்கை மேல் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பேனா மையைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அம்மா அந்தக் கையோடு லோடு ஏற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கேட்டால், "வண்டி வந்து நின்னுட்டு இருந்துதல்ல?" என்பாள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை.

புண் ஆறியது. ஆறின இடம் தடித்து, இறுகி, புறங்கைத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டது. விரல்கள் மடங்கவில்லை. கை எந்நேரமும் யாருக்கோ டாட்டா காட்டுவது போலவே இருக்கும். கத்தரிக்கோல் பிடிக்க முடியாது, ஜடை பின்ன முடியாது, புடவைக் கொசுவம் வைக்க முடியாது. அவளுக்குப் பெரிய அவமானம் கொசுவம்தான். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாதான் வைத்துவிடுவார். அப்பா வைக்கும் கொசுவத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

கோயமுத்தூரில் ஒரு சர்ஜன் அந்தத் தழும்பை வெட்டி விட்டு, தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் எடுத்து வைத்தார். மணிக்கட்டுப் பக்கம் பாதி நன்றாக ஒட்டிக்கொண்டது. விரல் பக்கம் பாதி கறுத்து உரிந்துபோனது. அடியில் ரத்தம் தேங்கிவிட்டது, அதனால் ஒட்டவில்லை, இன்னொரு முறை வைத்தால் சரியாகிவிடும் என்றார் சர்ஜன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். "ரொம்பத் தள்ளிப் போடாதீங்கம்மா. விரல் மூட்டு இறுகிப்போச்சுன்னா, அப்புறம் நான் தோல் வெச்சும் பிரயோஜனம் இல்லை."

அந்த முதல் ஆபரேஷனில் கொஞ்சம் தோல் மிச்சமாகிவிட்டது. வழக்கமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் மேடத்துக்கு, அதாவது எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியைக்கு, அந்த சர்ஜனோடு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. நோயாளி சம்மதித்து, நெறிமுறைக் கமிட்டியும் ஒப்புக்கொண்டால், மிச்சத் தோல் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். அம்மாவிடம் கேட்டார்கள். அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கேட்ட முதல் கேள்வி: "டப்பாவுல என்ர பேரு போடுவீங்களா?" பேர் போட மாட்டோம், நம்பர்தான் என்றேன். "பாத்துக்க. ஊரானுக்கெல்லாம் கரடி ஒட்டுனா ஸ்டிக்கர்ல பேரு இருக்குது. என்ர தோலுக்குப் பேரு இல்ல" என்றாள்.

இப்படித்தான் அம்மாவின் தோல் என் ஆய்வகத்துக்கே வந்துசேர்ந்தது.

முதலில் எல்லாம் ஜோராகத்தான் நடந்தது. தோலைப் பக்குவம் செய்து செல்களைப் பிரித்து, பிளாஸ்டிக் குடுவையில் இளஞ்சிவப்புத் திரவத்தோடு போட்டு, உடம்புச் சூட்டில் வைத்தேன். அடியில் பிடித்துக்கொண்டு வளர்ந்தன. ஆனால் என்சைமைச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உதவாது. தபால் தலையைவிடச் சின்னதான மெல்லிய கண்ணாடித் துண்டை ஒரு தட்டில் போட்டு, அதன் மேல் செல்களை உட்கார வைக்க வேண்டும். குடுவையிலிருந்து செல்களைக் கழற்றி எடுக்க டிரிப்சின் என்று வேறொரு என்சைம் உண்டு. அது கால்களை வெட்டி விடும். செல்கள் மிதந்து வரும். அவற்றைக் கண்ணாடி மேல் விட்டால் புதிதாகக் கால் முளைத்து, மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிடிக்கவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தனையும் உருண்டை உருண்டையாக மேலே மிதந்துகொண்டிருந்தன. மருந்து ஊற்றின தட்டில் மிதந்தால் பரவாயில்லை, என்சைமை நிறுத்தினதால் பிடி போய்விட்டது என்று குதித்திருப்பேன். மருந்தே ஊற்றாத தட்டிலும் இதே கதை. திரும்பச் செய்தேன். திரும்ப மிதந்தன. புதுப் பெட்டிக் கண்ணாடியைப் பிரித்துத் துடைத்துச் செய்தேன். அதிலும் மிதந்தன. மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டிரிப்சினை ஊத்திட்டு யார்கூட அரட்டை அடிச்சிட்டு இருந்தே? ரொம்ப நேரம் விட்டா காலை அடியோட தின்னுடும்" என்றார். நான் அரட்டைக்காரி என்பது ஊரறிந்த விஷயம், அதனால் வாதாடவும் முடியவில்லை. டிரிப்சின் நேரத்தைக் குறைத்தேன், மூச்சுவிடாமல் பக்கத்திலேயே நின்றேன். அதற்கும் மசியவில்லை.

வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும். "ஒட்டுச்சா?"

"இல்லம்மா."

"ஏனாம்?"

"தெரியலம்மா."

நான் ஒரு மடச்சி. ஒட்டிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கோ அந்த உருண்டைகளைத் தவிர வேறு பேச்சே கிடையாது. சாப்பிடும்போதும் அதைத்தான் சொல்லிப் புலம்புவேன். செல்போனில் கேமரா வந்திருந்த புதிது. மைக்ரோஸ்கோப் கண்ணாடியில் அதை வைத்து ஒரு படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரவையக் கொட்டுன மாதிரி இருக்குது" என்றாள். அன்றைக்கு அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் சர்ஜன் ஆபரேஷனுக்குத் தேதி சொல்லியனுப்பினார். அம்மா முடியாது என்றுவிட்டாள்.

அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. "ஏன் இப்பிடி அடம் புடிக்கற? டாக்டரே சரியாப் போயிரும்னு சொல்றாரல்ல?" என்றார்.

"அவரு போன தடவையும் அப்பிடித்தான் சொன்னாரு," என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன் அம்மிணி, தட்டுல, மருந்தெல்லாம் ஊத்தி, சூடு பாத்து, நீ பக்கத்துலயே காவல் இருந்து, அதுலயே ஒட்டாத தோலு. என்ர கையில எங்க ஒட்டும்? என்ர தோலுக்கே அந்த ராசி இல்ல. இன்னொருக்கா தொடையக் கீறிக்கிட்டு, இன்னொருக்கா அழுகிப்போயி... வேண்டாஞ்சாமி. இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தட்டுக்கும் அவள் கைக்கும் என்ன சம்பந்தம்? "அம்மா, பிளாஸ்டிக் குடுவையில நல்லா ஒட்டுதும்மா! கண்ணாடியில மட்டுந்தான் ஒட்டல!" என்று கத்தினேன்.

"என்ர கை என்ன பிளாஸ்டிக்கா?"

கையில் ரத்த ஓட்டம் இருக்கிறது, கண்ணாடியில் இல்லை, இரண்டும் வேறு வேறு என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "செரி, அப்ப கண்ணாடியில ஏன் ஒட்டல, அதைச் சொல்லு" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாதவள் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும் என்கிற மாதிரி எழுந்து போய்விட்டாள். அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. நாள் தள்ளத் தள்ள மூட்டு இறுகிக்கொண்டிருந்தது. காலையில் அவள் சுடுதண்ணீரில் கையை வைத்து விரல்களை இடது கையால் அழுத்தும்போது, முன்னால் கொஞ்சம் மடங்கின நடுவிரல் இப்போது அந்தளவும் மடங்கவில்லை என்பதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

இனி அந்தக் கண்ணாடியை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆராய்ச்சிக்காக ஆரம்பித்தது, இப்போது அம்மாவின் விரலுக்காக என்று ஆகிவிட்டது. திரவத்தை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், தோலிலேயே இருக்கும் கொலாஜன் என்கிற புரதத்தைக் கண்ணாடி மேல் பூசிப் பார்த்தேன். இரண்டொரு செல் ஒட்டுகிற மாதிரி பாவனை காட்டும். தட்டை லேசாக ஆட்டினால் அதுவும் கிளம்பிவிடும்.

விடை ஆய்வகத்தில் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் கிடைத்தது.

குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்த குடம் சரிந்து, தரையெல்லாம் தண்ணீர். நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருதரம் வந்த காலம், அதனால் அம்மாவுக்கு ஏற்கெனவே கோபம் உச்சியில் ஏறியிருந்தது. கையில் கிடைத்த பனியன் வேஸ்ட்டை எடுத்து இடது கையால் துடைக்க ஆரம்பித்தாள். திருப்பூரில் எந்த வீட்டில் கேட்டாலும் கை துடைக்க, வண்டி துடைக்க, தரை துடைக்க எல்லாவற்றுக்கும் கட்டிங்கில் விழுகிற பனியன் துண்டுதான். கடையில் துடைக்கிற துணி வாங்குகிறவனை நாங்கள் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவோம்.

"அடக் கெரகத்தே!" என்று அம்மா கத்தினாள். "இதென்ன துணி அம்மிணி, தண்ணிய இழுக்கவே மாட்டீங்குது? தள்ளிட்டே போகுது பாரு!"

நான் பார்த்தேன். உண்மைதான். தண்ணீர் துணிக்குள் போகாமல் முத்து முத்தாக அதன் மேல் உருண்டது. "புதுத் துணிம்மா, சாஃப்ட்னர் போட்டிருப்பாங்க" என்று சாவகாசமாகச் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

ஆய்வகத்தில் கண்ணாடித் துண்டுகளை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைப்பதற்கென்று ஒரு காகிதம் உண்டு. யானை விலை. மேடம் அதை எண்ணி எண்ணித்தான் கொடுப்பார். இதென்ன பிச்சைக்காரத்தனம், எங்கள் ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்று, அம்மாவிடம் சொல்லி, நல்ல வெள்ளைத் துணியாகப் பார்த்து வெட்டி மடித்து ஒரு பை நிறைய நான்தான் கொண்டுபோயிருந்தேன். பயோ வாஷ் செய்த எக்ஸ்போர்ட் துணி, ஒரு பிசிறு இருக்காது. காகிதத்தைவிட நன்றாக இருக்கிறது என்று மேடமே மெச்சினார். பிசிறைத் தின்ற என்சைமைப் பற்றித்தான் எல்லோரும் யோசித்தோம். அதற்கப்புறம் துணி மெத்தென்று இருக்க அதில் ஏற்றின சிலிகான் சாஃப்ட்னரை யாரும் யோசிக்கவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தால் அது துணியிலிருந்து இறங்கி, கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சாகப் படிந்துவிடாதா? கிருமி சாக வேண்டுமென்று படிந்ததை ஆய்வகத்து அடுப்பில் வேறு வைத்துச் சுட்டிருக்கிறேன். அதன் மேல் எந்தக் கால் நிற்கும்?

முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்துவந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். பாதியை மட்டும், அம்மாவின் புண்ணுக்கு வாங்கி வைத்திருந்த ஸ்பிரிட்டும் அந்தத் துணியும் வைத்துத் துடைத்தேன். காய்ந்ததும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கழுவின பக்கத்தில் சொட்டு படர்ந்து பரவியது. துடைத்த பக்கத்தில் உருண்டு திரண்டு அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"அம்மா! இங்க வா! உன்ர துணிதாம்மா!"

அவள் ஈரக் கையோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒரே பாய்ச்சல். "என்ர துணியக் குத்தஞ் சொல்லாத. அது குழந்தைக போடற துணி. பச்சப் புள்ளைக்கே ஒண்ணும் ஆகறதில்ல, உன்ர தட்டுக்கு ஆயிருச்சாக்கும்?"

"புள்ளைக்கு ஆகாதும்மா. செல்லு உக்காரத்தான் ஆகாது."

நம்பவில்லை. சொட்டை அவளே ஒரு தரம் விட்டுப் பார்த்தாள். கண்ணாடியைச் சாய்த்தாள். ஒரு பக்கத்துச் சொட்டு கோடாக இறங்கியது, மறுபக்கத்துச் சொட்டு குடுகுடுவென்று உருண்டு ஓடிக் கீழே விழுந்தது. இன்னொரு தரம் விட்டாள். இன்னொரு தரம். கடைசியில், "அப்ப என்ர தோலு மேல குத்தம் இல்லீங்கற?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லவே இல்லம்மா. எந்தத் தோலா இருந்தாலும் இதுல ஒட்டாது. ராசாத்தி தோலா இருந்தாலும் ஒட்டாது."

"ஒட்டட்டும், பாக்கலாம்," என்றாள். நம்பிவிட்டாள் என்று அர்த்தமில்லை. ஆனாலும் ஒட்டுமா என்று பார்க்கச் சம்மதித்ததே எனக்குப் போதும்.

திங்கட்கிழமை மேடத்திடம் போய்ச் சொன்னேன். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் துணியை எடுத்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், பார்த்தார், நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான்தானேம்மா நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றார். பையிலிருந்த துணி முழுவதும் அவருடைய ஸ்கூட்டரைத் துடைக்கப் போய்விட்டது. புதுக் கண்ணாடிகளை ஆசிடில் ஊறவைத்து, துணியே படாமல் காயவைத்து, குடுவையில் மிச்சமிருந்த அம்மாவின் செல்களை அவற்றின் மேல் விட்டேன். பாதித் தட்டுகளில் என்சைமை நிறுத்தும் மருந்து, பாதியில் வெறும் திரவம்.

மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். மருந்து இல்லாத தட்டில், கல்லில் ஊற்றின மாவு மாதிரி ஒவ்வொரு செல்லும் தட்டையாகப் படர்ந்து கிடந்தது. தட்டை ஆட்டினேன். அசையவில்லை. கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன். அசையவில்லை! மருந்து ஊற்றின தட்டைப் பார்த்தேன். அதுதான் நான் எதிர்பார்க்காதது. அவையும் ஒட்டியிருந்தன. ஆனால் படரவில்லை. குறுகி, உருண்டு, இருந்த இடத்திலேயே குந்தியிருந்தன. அடுத்தடுத்த நாட்களில் வெறும் தட்டில் செல்கள் இரண்டு நாலாகப் பெருகின. மருந்துத் தட்டில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி. ஆக, பிடி இருந்தது. பிடித்திருக்கிறேன் என்கிற சேதிதான் உள்ளே போகவில்லை. என் கேள்விக்குப் பதில் இப்படி இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

போட்டோ எடுத்துக்கொண்டு போனால் மறுபடி ரவை என்பாள். அதனால் மேடத்திடம் அனுமதி கேட்டு அம்மாவையே பஸ் ஏற்றிக் கூட்டிவந்தேன். நல்ல புடவை கட்டியிருந்தாள், அப்பாவின் கொசுவத்தோடு. செருப்பைக் கழற்றிவிட்டு, மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் கோயிலில் நிற்பது போல நின்றாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் திண்டாடினாள். பிறகு சட்டென்று அசையாமல் நின்றுவிட்டாள்.

"இது நானா?"

"நீதாம்மா."

"அசைய மாட்டீங்குதே."

"நல்லா ஒட்டியிருக்குதும்மா, அதான்."

வெகுநேரம் பார்த்தாள். பின்னால் காத்திருந்தவர்கள் பொறுமையிழக்கும் வரை பார்த்தாள். பிறகு மருந்துத் தட்டைக் காட்டினேன். "இது ஏன் இப்பிடிக் குறுகிக் குந்தியிருக்குது, பாவம்?" என்றாள். என்சைம், மருந்து, சேதி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடனே மேடம் பக்கம் திரும்பி, "ஏனுங்க மேடம், அந்த மருந்தக் கழுவி உட்டுட்டா இதுக வளருங்களா, இல்ல இப்பிடியே நின்னு போயிருங்களா?" என்றாள்.

மேடம் என்னைப் பார்த்தார். நாங்கள் அதை இன்னும் செய்து பார்க்கவில்லை. "தெரியலைம்மா. செஞ்சு பார்த்துச் சொல்றோம்" என்றார் மேடம்.

"பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்பறம் நான் டாக்டருக்குச் சொல்றேன்" என்றாள் அம்மா. கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசுகிறாளா, உண்மையிலேயே பயத்தில் கேட்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நின்னு போனது நின்னு போனதுதான்னா, என்ர விரலும் அப்பிடித்தான" என்றாள். அப்போதுதான் அவள் எதைக் கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. செல் வேறு விரல் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தினமும் காலையில் அந்த நடுவிரலை அழுத்தினவள் அவள்.

மருந்தைக் கழுவினேன். புதுத் திரவம் ஊற்றினேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. அம்மா கேட்டாள், இல்லை என்றேன். அதற்கடுத்த நாள் ஒரு தட்டின் ஓரத்தில் ஒரு செல் கால் நீட்டியிருந்தது. சும்மா ஒரு நீட்டல். அன்று சாயங்காலத்துக்குள் பக்கத்தில் இருந்தவையும் நீட்டின. அதற்கும் அடுத்த நாள் எல்லாம் படர்ந்து கிடந்தன, வெறும் தட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு. ஆய்வகத்திலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டேன். ஷெட்டில் மெஷின் இரைச்சல். "வளருதும்மா! திரும்ப வளருது!" என்று கத்தினேன். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "செரி. டாக்டருக்குச் சொல்லிரு" என்றாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து, கையைப் பலகையோடு கட்டிவிட்டார்கள். அசைக்கவே கூடாது என்று உத்தரவு. ஒரு இடத்தில் இருக்கத் தெரியாத என் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிலை மாதிரி கிடந்தாள். ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் என்னைத்தான் ஓட்டச் சொன்னாள். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீ பாரு. உனக்குத்தான் தெரியும்" என்றாள் என்னிடம். சர்ஜன் துணியை ஈரப்படுத்தி ஒவ்வொரு அடுக்காக எடுத்தார். ஆய்வகத்தில் எத்தனையோ தரம் இதே கேள்வியோடு நான் குனிந்து பார்த்திருக்கிறேன். இந்தத் தரம் என்னால் முடியவில்லை, நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாருங்கம்மா ரெண்டு பேரும்," என்றார் சர்ஜன் சிரித்துக்கொண்டே. துணி வந்துவிட்டது. தோல் கையிலேயே இருந்தது, விரல் முட்டி வரைக்கும் இளஞ்சிவப்பாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா மட்டும், "ஒட்டியிருக்குது. வளரோணுமல்ல?" என்றாள்.

அதற்கப்புறம்தான் உண்மையான பாடு. பிசியோதெரபி அறையில் விரலை மடக்கச் சொல்லும்போது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். எந்த விரல் எவ்வளவு மடங்குகிறது என்று தினமும் நான் கேட்பேன். அவள் சொல்ல மாட்டாள். சண்டை போடுவோம். இப்படியே வாரங்கள் போயின.

ஒரு நாள் காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான் ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் கூப்பிட்டாள். "இங்க வா. கைய நீட்டு." என்னவோ கொடுக்கப்போகிறாள் என்று நீட்டினேன். வலது கையைத் தூக்கினாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாக, மிக மெதுவாக ஒன்றையொன்று நோக்கி வந்தன. என் முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்து, நறுக்கென்று கிள்ளினாள்.

"ஐயோ!"

"வலிக்குதா?"

"வலிக்குதும்மா! விடு!"

விடவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "நெசமா வலிக்குதா?" என்று இன்னும் இறுக்கித் திருகினாள். நான் வலியிலும் அழுது, அவளைப் பார்த்தும் அழுது, தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"கத்து அம்மிணி, நல்லாக் கத்து," என்றாள். "உங்கப்பனுக்கும் கேக்கட்டும்."